அடுக்களைப் புகையும் சைவ வாதமும்: வாசகர் கேள்வி–பதில்

சைவம், அசைவம் பற்றிய வாதங்களை எடைபோட மாணவர்களுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கேட்டு மும்பை வாசகர்கள் அனுப்பிய கடிதங்களிலிருந்து சில. ஒரே கேள்வியைப் பலர் கேட்ட இடத்தில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஒன்பதாம் வகுப்பில் ‘சைவ உணவே சிறந்தது’ என்று பட்டிமன்றம் வைத்தேன். பத்து நிமிடத்தில் சண்டையாகிவிட்டது. தலைப்பையே விட்டுவிடலாமா?
– ஆசிரியை, செம்பூர்

தலைப்பு இருக்கட்டும், பட்டிமன்றத்தை விடுங்கள். அணி பிரிந்த கணத்திலேயே பிள்ளைகளுக்கு ஜெயிப்பதுதான் வேலை. எதிரணி சொன்னதில் எது சரி என்று பார்க்க யாருக்கும் பொழுதிருக்காது. இன்னொரு கோளாறு ‘சிறந்தது’ என்ற சொல்லில் இருக்கிறது. எதற்குச் சிறந்தது? ஒருவன் கொழுப்பைப் பற்றிப் பேசுவான், அடுத்தவள் ஏகாதசியைச் சொல்லிப் பதில் தருவாள், மூன்றாமவன் புவி வெப்பத்துக்குத் தாவுவான். மூன்று பேரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு ஒரே சண்டை போட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

40 நிமிட பீரியட் இரண்டு ஒதுக்குங்கள். முதல் நாளே பன்னிரண்டு துண்டுச் சீட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு சைவத்துக்கு ஆதரவு, ஆறு எதிர்ப்பு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கூற்றும் ஒரே ஒரு காரணமும் மட்டும். நான்கு நான்கு பேராக உட்கார வைத்து, சீட்டுகளை ஐந்து குவியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: உடல்நலம், சுற்றுச்சூழல், உயிர்வதை, வழக்கமும் சமயமும், சட்டமும் உரிமையும். பத்து நிமிடம் போதும். சில சீட்டு இரண்டு குவியலுக்கு இழுபடும். அந்த இழுபறியை நீங்கள் தீர்த்துவைக்க வேண்டாம், அதில்தான் பிள்ளைகள் கூற்றை முதன்முதலாக உற்றுப் படிக்கிறார்கள்.

மிச்ச நேரத்துக்கு மணிமேகலையைக் கூப்பிடுங்கள். 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் அளவை (தர்க்க) முறை இன்றைக்கும் வகுப்பறைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று): இம்மலை நெருப்புடைத்து. ஏது (காரணம்): புகையுடைமையால். திட்டாந்தம் (எடுத்துக்காட்டு): அடுக்களை போல. உபநயம் (இங்கே பொருத்துவது): இம்மலையும் புகையுடைத்து. நிகமனம் (முடிவு): ஆகவே நெருப்புடைத்து. ஒன்பதாம் வகுப்புக்கு முதல் மூன்று போதும்; பின்னிரண்டும் திட்டாந்தத்துக்குள் அடங்கும் என்று காப்பியமே சொல்கிறது. பிழைகளுக்கும் பெயர் தயார்: பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி. ‘போலி’ என்ற சொல் பிள்ளைகளுக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். போலி நோட்டைப் பிடிப்பதுபோல் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒரு சீட்டைக் கரும்பலகையில் நீங்களே செய்து காட்டுங்கள். ‘மனிதனுக்குக் கோரைப்பல் இருக்கிறது, ஆகவே அவன் அசைவம் தின்னப் பிறந்தவன்.’ பக்கம் எது, ஏது எது என்று பிரித்தாயிற்று. திட்டாந்தம் எழுதப்படவில்லை; ‘புலி போல’ என்று பிள்ளைகளே நிரப்புவார்கள். இப்போது கேளுங்கள்: கோரைப்பல் இருந்தும் இலைதழை தின்னும் விலங்கு உண்டா? கொரில்லா. நம்மைவிடப் பெரிய கோரைப்பல், உணவோ பெரும்பாலும் இலையும் தண்டும். ஆக, அந்த ஏது இரண்டு பக்கமும் சாய்கிறது. இதற்கு மணிமேகலை தரும் பெயர் அநைகாந்திகம். பெயரை மனப்பாடம் செய்யச் சொல்ல வேண்டாம். ‘இதே காரணம் எதிர்முடிவுக்கும் போகுமா?’ என்ற கேள்வி நினைவில் நின்றால் போதும். கையோடு சைவத் தரப்பின் இணைச் சீட்டையும் எடுங்கள்: ‘மனிதக் குடல் நீளமானது, ஆகவே சைவமே இயற்கை.’ பன்றிக்கும் குடல் நீளம்தான், அது எல்லாவற்றையும் தின்கிறது. இரண்டையும் ஒரே நாளில் செய்யாவிட்டால், டீச்சர் எந்தக் கட்சி என்று வகுப்பு முடிவு கட்டிவிடும்; பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் எடுபடாது.

கட்டாயமான ஒன்று. ‘யார் யார் வீட்டில் அசைவம்?’ என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். டப்பாவைத் திறந்தாலே சாதியையும் மதத்தையும் ஊகிக்கிற நகரம் இது. சீட்டைக் குலுக்கிக் கொடுங்கள். பேசுகிறவர் ‘இந்தச் சீட்டு சொல்வது என்னவென்றால்’ என்றுதான் தொடங்க வேண்டும். அழுகையும் சண்டையும் பாதிக்கு மேல் அதிலேயே நின்றுவிடும்.

‘செடிக்கும் உயிர் இருக்கிறது, அப்புறம் என்ன சைவம்?’ என்று கேட்டு என் மகன் வாயை அடைக்கிறான். இதற்கு என்ன பதில்?
– தாய், நெருள்

முதலில் பையனைப் பாராட்டுங்கள். அவன் செய்திருப்பது நல்ல சோதனை: எதிராளியின் விதியை அப்படியே எடுத்து, எதிராளிக்கே பிடிக்காத இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது. ‘உயிரைக் கொல்லக் கூடாது’ என்பது விதியானால் கத்தரிக்காயும் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் சைவத்தை ஆதரிப்பவர் எல்லோரும் அந்த விதியைச் சொல்வதில்லை. ‘வலியை உணரும் உயிரைத் தேவையில்லாமல் வதைக்கக் கூடாது’ என்று சொல்பவர்மேல் இந்த அம்பு படாது. ஜகதீஷ் சந்திர போஸ் செடிகள் தூண்டலுக்கு எதிர்வினை காட்டுவதைக் கருவி வைத்துப் பதிந்தார் என்று மகன் சொல்லக்கூடும். உண்மைதான். எதிர்வினை வேறு, வலி வேறு. செடிக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. ‘புல்லும் மரனும் ஓரறிவினவே’ என்று உயிர்களை அறிவின் படியில் அடுக்கிய தொல்காப்பிய மரபியலையும் காட்டலாம். தொல்காப்பியர் அங்கே உணவைப் பற்றிப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். உயிர் என்ற ஒரு சொல்லுக்குள் படிகள் உண்டு என்ற அளவுக்குத்தான் அது சாட்சி.

செடியின் உயிரும் முக்கியம் என்றே வைத்துக்கொள்வோம். பண்ணைக் கோழி ஒரு கிலோ எடை போட ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ தீவனம் தின்கிறது. பெரும்பாலும் மக்காச்சோளமும் சோயாவும். அந்த ஒரு கிலோவிலும் கறியாகத் தேறுவது ஒரு பகுதிதான். செடிக்காக இரங்குபவர் கோழியைத் தின்றால் செடிச் சாவு கூடுமே தவிரக் குறையாது. வாதம் தன் சொந்த முடிவுக்கே எதிராகத் திரும்புகிறது. மணிமேகலைக் கணக்கில் இது விருத்தம்.

இதைவிடக் கூர்மையான தம்பி வாதம் ஒன்று உண்டு. வயலை உழும்போதும் அறுக்கும்போதும் எலி, முயல் சாகின்றனவே? 2003இல் ஸ்டீவன் டேவிஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைக் கணக்காகவே வைத்தார். பயிர் நிலத்தில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 15 விலங்குகள், மேய்ச்சல் நிலத்தில் அதில் பாதி, 7.5 சாகும் என்பது அவர் மதிப்பீடு. ஆகவே புல் மேய்ந்த மாட்டைத் தின்பதே குறைந்த கொலை என்றார். அதே ஆண்டு கேவரிக் மாத்தெனி பிழையைச் சுட்டிக்காட்டினார்: நாம் ஹெக்டேரைத் தின்பதில்லை, உணவைத் தின்கிறோம். பயிர் நிலம் ஹெக்டேருக்குச் சுமார் 1,000 கிலோ புரதம் தரும், மேய்ச்சல் நிலம் 100 கிலோ அளவில்தான். மகனையே வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிலோ புரதத்துக்கு 0.015, 0.075. பாதியாக இருந்தது ஐந்து மடங்காகிவிடும். 15, 7.5 என்ற எண்களை யாரும் தொடவே இல்லை. கீழே வகுக்கும் அலகு ஒன்றுதான் மாறியது.

ஒரு கிலோ இறைச்சிக்கு 15,000 லிட்டர் தண்ணீர் என்று ஒரு பக்கம். அது பொய் என்று இன்னொரு பக்கம். புராஜெக்டில் எதை எழுதுவது?
– பதினோராம் வகுப்பு மாணவர், டோம்பிவிலி

எண் பொய்யில்லை. 2012இல் மெக்கோனென், ஹூக்ஸ்ட்ரா இருவரும் வெளியிட்ட உலகச் சராசரியில் மாட்டிறைச்சிக்குக் கிலோவுக்கு 15,415 லிட்டர். அதை வைத்துக் கட்டிய வாதம் நிற்குமா என்பதற்கு நான்கு இடத்தில் தட்டிப் பாருங்கள்.

எந்த இறைச்சி? அதே ஆய்வில் ஆட்டுக்கறி 8,763, கோழி 4,325, முட்டை 3,265, பருப்பு வகைகள் 4,055. மாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டுக் கோழி தின்பவரைக் குற்றம் சாட்டுவது திட்டாந்தப்போலி. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் பருப்பும் கோழியும் கிட்டத்தட்ட சமம்.

இந்த இடத்தில் அசைவத் தரப்பு துள்ளிக் குதிக்கும். கொஞ்சம் பொறுங்கள், அலகு என்ன? பருப்பையும் கறியையும் நாம் எடைக்காகத் தின்பதில்லை. ஒரு கிராம் புரதத்துக்கு என்று மாற்றினால் பருப்பு 19 லிட்டர், முட்டை 29, கோழி 34, ஆடு 63, மாடு 112. வரிசை மறுபடி விரிகிறது, ஆனால் மாடு ஒன்றுதான் வானத்தில் நிற்கிறது.

எந்தத் தண்ணீர்? அந்த 15,415இல் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் புல்லிலும் தீவனப் பயிரிலும் விழுந்த மழைநீர். மும்பைக்குக் குடிநீர் தரும் தான்சா ஏரியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர் இல்லை. ‘ஒரு கிலோ கறியை விட்டால் இத்தனை நாள் குளிக்கலாம்’ என்ற ஒப்பீடு இங்கேதான் உடைகிறது. மழைநீருக்கு மதிப்பே இல்லை என்று மறுகோடிக்கும் போய்விடாதீர்கள். அந்த நிலத்தில் வேறு பயிர் விளையக்கூடும் என்றால் அந்த மழைக்கும் கணக்கு உண்டு.

யாருடைய சராசரி? உலகச் சராசரி அது. சோளத்தட்டையும் தரிசுப் புல்லும் மேய்ந்த சோலாப்பூர் ஆட்டுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எழுத உங்களிடம் ஆதாரம் இல்லை.

பசுங்குடில் வாயுக் கணக்கிலும் இதே பாடுதான். பூர், நெமெசெக் இருவரும் 119 நாடுகளில் சுமார் 38,700 பண்ணைகளின் தரவைத் தொகுத்து 2018இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். 100 கிராம் புரதத்துக்கு, இறைச்சிக்கென்றே வளர்த்த மாடு ஏறக்குறைய 50 கிலோ (கரியமில வாயுக் கணக்கில்), சீஸ் 11, கோழி 6, முட்டை 4, பருப்பு ஒன்றுக்கும் கீழே. கோழியை விட்டுவிட்டுப் பனீரைக் கூட்டியவர் புவிக்கு நல்லது செய்தாரா? அந்தப் பட்டியலில் பனீர் இல்லை. ஆனால் சீஸ் போலவே லிட்டர் கணக்கில் பாலைத் திரட்டிச் செய்வது என்பதால் சந்தேகம் நியாயமானது. இந்த எண்கள் தாங்கும் முடிவு ‘மாட்டிறைச்சியைக் குறை, பருப்பைக் கூட்டு’ என்பது வரைதான். ‘ஆகவே சைவம்’ என்று எழுதினால் எண்ணைவிட முடிவு நீண்டுவிடும். புராஜெக்டில் பரிசோதகர் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அப்படியே ஒரு சின்ன எச்சரிக்கை: துவரம் பருப்பில் 100 கிராமுக்கு 22 கிராம் புரதம், கறிக்குச் சமம் என்று எழுதுகிறார்கள். அது வேகாத பருப்பு. வெந்தால் நீர் குடித்து இரண்டரை, மூன்று மடங்காகும். கிண்ணத்தில் இருப்பது 100 கிராமுக்கு 7, 8 கிராம்தான். சாம்பாராகக் கரைத்தால் இன்னும் குறைவு. பச்சைக்குப் பச்சை, வெந்ததற்கு வெந்தது என்று ஒப்பிடுங்கள்.

‘பதப்படுத்திய இறைச்சி சிகரெட்டுக்குச் சமம், உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது’ – சரியா?
– ஆசிரியர், வாஷி

பாதி சரி. 2015 அக்டோபரில் அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சாசேஜ், பேக்கன் போன்றவற்றை முதல் வகுப்பில் வைத்தது. புகையிலையும் அதே வகுப்பில் இருக்கிறது. வகுப்பு சொல்வது ‘புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி’ என்பதை; ‘எவ்வளவு ஆபத்து’ என்பதை அது சொல்லாது. தினம் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடும் என்றார்கள். பிள்ளைகள் இதை ‘100 பேரில் 18 பேர்’ என்று படிப்பார்கள். கணக்குக்காக 100 பேரில் 5 பேருக்கு வரும் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீதம் கூடி அது 5.9 ஆகும். கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். இன்னொன்று: இது வீட்டு மீன் குழம்பைப் பற்றிய பேச்சே இல்லை. சைவத் தரப்பிலும் கேட்க ஒரு கேள்வி வைத்திருங்கள்: செடி உணவில் வைட்டமின் பி12 கிடைக்காது, பாலும் வேண்டாம் என்பவர் அதை எங்கிருந்து பெறுவார்?

புலால் மறுத்தல் அதிகாரத்தை நடத்தும்போது, வள்ளுவரின் வாதத்தை ‘மதிப்பிடு’ என்று கேட்கலாமா? என் மாணவர்களில் பலர் தோல் பட்டறை வேலை செய்பவர் வீட்டுப் பிள்ளைகள்.
– தமிழ் வழிப் பள்ளி ஆசிரியர், தாராவி

கேட்கலாம், கேட்கவும் வேண்டும். பொருள் எழுதுக, அணி கூறுக என்பதோடு நிறுத்தினால் அந்த அதிகாரம் உபதேசமாகத்தான் போய்ச் சேரும். உபதேசமாகப் போனால் உங்கள் வகுப்பில் பாதிப்பேருக்கு அது வசவாகக் கேட்கும். வாதமாக எடுத்தால் யாரும் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியதில்லை.

256ஆம் குறளை எடுங்கள்.

*தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும்
விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.*

‘நான் கொல்லவில்லையே, கடையில் வாங்கினேன், அவ்வளவுதான்’ என்பவருக்கு இது பதில். தனக்காகக் கொன்றதைப் பார்க்காமலும் கேட்காமலும் ஐயுறாமலும் இருந்தால் பிக்கு இறைச்சியை ஏற்கலாம் என்ற பௌத்த விதியை இதன் பக்கத்தில் வைத்தால் குறளின் கூர்மை தெரியும். சில பதிப்புகளில் ‘கொள்ளாது’ என்றும் பாடம் உண்டு. அப்படிப் படித்தால் இது முழுக்கச் சந்தைக் கணக்கு: வாங்குபவர் இல்லையேல் விற்பவர் இல்லை.

இனி மாணவர் வேலை. குறள் சொல்வது ‘உலகு’ கொல்லாது என்றால். வாங்குபவரோ ஒற்றை ஆள். உலகத்திலிருந்து ஒருவருக்கு இறங்கும் படி சொல்லப்படாமல் நிற்கிறது. ‘நான் ஒருத்தன் விட்டால் கடைக்காரர் என்ன குறைத்தா வாங்குவார்?’ என்று யாராவது கேட்பான். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

அதற்கு ஒரு கணக்கு. கடைக்காரர் ஐம்பது ஐம்பதாகக் கோழி இறக்குகிறார் என்று கொள்வோம். ஒருவர் விட்டதால் பெரும்பாலும் ஒன்றும் மாறாது. ஆனால் ஐம்பது தடவையில் ஒரு தடவை அந்த ஒரு கோழிதான் ஒரு கூண்டைக் குறைக்கும் எல்லைக் கோழி. அந்த ஒரு தடவை குறைவது 50. ஐம்பதில் ஒரு வாய்ப்பு, ஐம்பது கோழி. சராசரியில் ஒருவருக்கு ஒன்று. நடைமுறையில் ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு, ஏனென்றால் ஒருவர் விட்டால் விலை தணிந்து இன்னொருவர் கூடுதலாக வாங்குவார். குறளின் இடைவெளி இப்படி நிரம்புகிறது; முழுதாக நிரம்புகிறதா என்பதை அவர்கள் எழுதட்டும்.

குறள் தொடாத இடங்களையும் கேளுங்கள். தானாகச் செத்த விலங்கின் இறைச்சி? இந்தக் குறள் அதைத் தடுக்கவில்லை. தடுக்க 257இன் ‘பிறிதொன்றன் புண்’ போன்ற வேறு காரணம் வேண்டும். பாலுக்கு வளர்த்த மாட்டின் காளைக் கன்று என்ன ஆகிறது? தோல்? விலை கொடுத்து வாங்குபவரால் கொலை தூண்டப்படுகிறது என்றால் செருப்பும் பையும் கணக்கில் வரும். இறைச்சியின் உபபொருள்தான் தோல் என்றால் எவ்வளவு வரும்? இதை உங்கள் மாணவர்கள் மற்றவரைவிட நன்றாகச் சொல்வார்கள், தோல் என்ன விலைக்குப் போகும் என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் சொல்வது சாட்சியமாக நிற்கட்டும், வாக்குமூலமாக மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

252 வேறு வகை. பொருளைப் போற்றாதவருக்குப் பொருள் இல்லாததுபோல் ஊன் தின்பவருக்கு அருள் இல்லை என்கிறது. இது உவமை வழி வாதம். காசைக் காக்காதவனிடம் காசு தங்காது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். ஊன் தின்பவரிடம் அருள் தங்காது என்பதை எங்கே பார்ப்பது? தின்பவரில் இரக்கமுள்ளவர் ஒருவரைக் காட்டினால் குறள் விழுந்துவிடுமா, அல்லது ‘அருள்’ என்ற சொல்லின் பொருளிலேயே ஊன் மறுத்தல் அடங்கியிருக்கிறதா? எங்கள் கருத்தில் 256 வலுவான வாதம், 252 அழகான வாக்கு. மாணவர் மறுத்து எழுதி, காரணமும் காட்டினால் முழு மார்க் கொடுங்கள்.

‘நம் முன்னோர் எல்லாம் சைவம்’ என்று எவராவது எழுந்தால் புறநானூறு 14ஐ வாசியுங்கள். ஊன்துவையும் கறிசோறும் உண்டு வருந்துவதைத் தவிர வேறு வேலை அறியாததால் பாடுவோர் கை மெல்லியது என்று சேரனிடம் சொல்கிறவர் கபிலர். ‘முன்னோர் எல்லாம் அசைவம்’ என்று மறுபக்கம் எழுந்தால் அதே வகுப்பில் இந்த அதிகாரம் இருக்கிறது. முன்னோர் இரண்டையும் விட்டுச் சென்றிருக்கிறார்கள்.

முட்டை சைவமா?
– ஏழாம் வகுப்பு மாணவி, சயான்

பொட்டலத்துக் குறியைக் கேட்டால், இல்லை. உணவு லேபிள் விதிப்படி முட்டை அசைவம். பாலும் தேனும் அசைவம் ஆகாது. (பழுப்பு வட்டம் 2020 விதிகளில் பழுப்பு முக்கோணமானது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் வடிவம் தெரியுமே.) சட்டம் கோடு போடும், கோட்டுக்குக் காரணம் சொல்லாது. வதைதான் காரணம் என்றால் பாலையும் கேள்வி கேட்க வேண்டும். வழக்கம்தான் காரணம் என்றால் வழக்கம் என்றே சொல்லிவிடலாம். ‘சைவம்’ என்ற சொல்லே வேடிக்கையானது, ஐயங்கார் வீட்டுச் சமையலும் தமிழில் ‘சைவம்’தான்.

பள்ளி உணவில் முட்டை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்நாட்டுச் சத்துணவில் வாரம் ஐந்து முட்டை. மகாராஷ்டிரம் 2023 நவம்பரில் வாரம் ஒன்று என்று தொடங்கி, 2025 ஜனவரியில் அதற்கான அரசு நிதியை நிறுத்தியது. முட்டை தின்னாதவருக்கு வாழைப்பழம் என்பது வழக்கமான ஏற்பாடு. சமய மறுப்புக்கு அது நல்ல பதில். புரத வாதத்துக்குப் பதிலே இல்லை: முட்டையில் 6 கிராம், பழத்தில் ஒன்று.

இந்தியா சைவ நாடுதானே?
– வாசகர், மாட்டுங்கா

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுக்குள், மீனோ கோழியோ கறியோ எப்போதுமே தின்பதில்லை என்றவர்கள் ஆண்களில் 16.6, பெண்களில் 29.4 சதவீதம். 2014 மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்கில் சைவர்கள் ராஜஸ்தானில் சுமார் 75 சதவீதம், மகாராஷ்டிரத்தில் 40, தமிழ்நாட்டில் இரண்டரைக்கும் கீழ். ‘இந்தியா’ என்று பக்கத்தைப் போட்டாலே பக்கப்போலி. ஆண் பெண் இடைவெளி ஏன் இவ்வளவு என்பதை ஒரு கட்டுரைக்குக் கொடுக்கலாம்.

காந்தி சைவம் என்று ஒரு பையன் சொன்னால், ஹிட்லரும் சைவம் என்கிறான் இன்னொருவன்.
– ஆசிரியை, ஆன்டாப் ஹில்

இருவரையும் உட்காரச் சொல்லுங்கள். யார் தின்றார் என்பது ஏதுவாகாது. காந்தியின் பெயருக்குப் பதில் காந்தியின் வாதங்களை எடுங்கள். சத்திய சோதனையில் அருமையான சரக்கு இருக்கிறது. சிறுவயதில் நண்பர் சொன்ன வாதம்: ஆங்கிலேயர் இறைச்சி தின்கிறார்கள், அதனால்தான் பலசாலிகள், அதனால்தான் நம்மை ஆள்கிறார்கள். அந்த ஆங்கிலேயரிடம் அடிமைப்பட்ட இந்தியரில் இறைச்சி தின்றவர் இல்லையா? இரண்டே நிமிடத்தில் வகுப்பு உடைத்துவிடும். 1931 நவம்பர் 20 அன்று லண்டன் சைவ உணவுச் சங்கத்தில், உடல்நலத்துக்காக மட்டும் சைவமானவர்கள் நிலைக்க மாட்டார்கள், அறத்தில் கால் ஊன்ற வேண்டும் என்று பேசினார். அவருக்கே உடல்நலக் குவியலும் அறக் குவியலும் வேறு வேறு.

‘சைவர்களுக்கு மட்டும் வீடு’ என்ற சொசைட்டி வழக்கத்தை மாணவர் வட்டத்தில் விவாதிக்கலாமா?
– பொறுப்பாளர், முலுண்ட்

பதினோராம் வகுப்புக்கு மேல் என்றால் சரி. கூற்றுகளை முதலில் பிரியுங்கள். ‘மீன் வாடை தாங்கவில்லை’ என்பது உண்மைநிலை பற்றியது. ஜன்னல், புகைபோக்கி என்று தீர்வு காணலாம். ‘எங்கள் கட்டடம், எங்கள் விதி’ என்பது சங்க உரிமை. ‘உணவைச் சொல்லிச் சாதியையும் மதத்தையும் வடிகட்டுகிறார்கள்’ என்பது சமத்துவம். வாடையைப் பேசும்போது உரிமையைக் கொண்டு பதில் சொல்வதுதான் இங்கே வழக்கமான நழுவல்.

தீர்ப்புகளை வெட்டி ஒட்டும்போது கவனம். 2005இல் அகமதாபாத் பார்சிக் கூட்டுறவு வீட்டுச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுப்பினரைச் சமூக அடிப்படையில் வரையறுக்கும் துணைவிதியை ஏற்றது. அது உணவைப் பற்றிய வழக்கல்ல. 2008 மார்ச்சில், சமணரின் பர்யூஷண நோன்புக்காக அகமதாபாத் இறைச்சிக் கூடங்களை 9 நாள் மூடியதை அதே நீதிமன்றம் ஏற்றது. அதே தீர்ப்பில், ஒருவர் என்ன உண்கிறார் என்பது அவர் சொந்த விஷயம் என்றும் இருக்கிறது. இரண்டு தரப்பும் தனக்குப் பிடித்த வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பும். 9 நாள் என்ற சிறிய அளவை நம்பித்தான் அந்தத் தீர்ப்பு நிற்கிறது. நீண்ட காலம் மூடியிருந்தால் பார்வை மாறியிருக்கும் என்று நீதிமன்றமே குறிப்பிட்டது. அளவு மாறினால் முடிவு மாறும் வாதத்தை மாணவர் சந்திக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. 9 நாளை 30 நாள் ஆக்கினால், ஊரைக் கட்டடமாக்கினால் என்று நகர்த்தி நகர்த்திக் கேளுங்கள்.

மார்க் எப்படிப் போடுவது?
– பல ஆசிரியர்கள்

20 மார்க் என்றால்: கூற்றைத் திரிக்காமல் தன் சொல்லில் எழுதியதற்கு 3, காரணங்களைப் பிரித்ததற்கு 4, சொல்லாமல் விட்ட கண்ணியைக் கண்டதற்கு 5, எதிர் எடுத்துக்காட்டோ அலகோ வைத்துச் சோதித்ததற்கு 5, எந்தச் சான்று கிடைத்தால் தன் முடிவை மாற்றுவேன் என்று எழுதியதற்கு 3. கடைசி மூன்றை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுவார்கள். கேள்வித்தாளிலேயே தனி வரியாகக் கேட்டுவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு மாணவர் பக்கம் இல்லை. நமக்குப் பிடித்த முடிவு எழுதிய தாளில் கண்ணி விட்டுப்போனது நம் கண்ணில் படாது. விடையின் கடைசிப் பத்தியை ஒரு தாளால் மூடி வைத்துவிட்டு முதல் 17 மார்க்கைப் போட்டு முடியுங்கள். பிறகு திறந்து, மிச்சம் மூன்றை மட்டும் பாருங்கள். திறந்த பிறகு மேலே போட்டதைத் திருத்தக் கை துறுதுறுத்தால், பேனாவை மூடிவிட்டு அந்தத் தாளைச் சைவமோ அசைவமோ எதிர்க் கட்சிச் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.